பாசி எடுக்கும் பெண்ணும் ஒன்பது வருடத் தூக்க மாத்திரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 நவம்பரில் அந்த அக்கா என்னிடம் வந்தது முழங்கால் காயத்துக்காக. வயது 54. கடல் பாசி எடுக்கப் போன இடத்தில், வத்தை என்ற சிறு படகிலிருந்து இறங்கும்போது தடுமாறிப் பாறையில் விழுந்திருக்கிறார். நான்கு தையல் போட்டேன். கட்டுக் கட்டி, ஊசி போட்டு அனுப்பும் நேரத்தில் சுருக்குப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். பழைய மருந்துச் சீட்டு. உப்புக்காற்றிலும் மழையிலும் அழிந்துவிடாமல் இருக்க லேமினேட் செய்து வைத்திருந்தார்.

"டாக்டரம்மா, இந்த மாத்திரைய மட்டும் எழுதிக் குடுத்துருங்க. எங்க ஊரு மெடிக்கல்ல இப்ப புதுச் சீட்டு கேக்குறாக."

அல்பிரசோலம் 0.5 மி.கி., இரவு ஒன்று, பத்து நாளைக்கு. சீட்டில் இருந்த தேதி 2013 ஆகஸ்ட்.

பத்து நாளைக்கு எழுதிய மருந்து ஒன்பது வருடம் ஓடியிருக்கிறது. அதிலிருந்து அவர் வெளியே வர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. அதில் முதல் சறுக்கல் என்னுடையது. அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். இந்தக் கரையில் என்னிடம் வருகிறவர்களில் இப்படிப் பழைய சீட்டோடு வருகிறவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எப்படித் தொடங்கியது

பாம்பன் தீவில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஒரு மீனவக் குடியிருப்பு அவருடையது. கணவர் அப்போது விசைப்படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். 2013 கோடையில் ஒரு நாள் தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகோடு பிடிபட்டு இலங்கையில் சிறையில் இருக்கிறார் என்று மறுநாள்தான் தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது அவர் வீடு வர. அந்த நாட்களில் அக்காவுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. ராத்திரி போன் அடித்தால் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எடுக்கப் பயம், எடுக்காமலிருக்கவும் பயம். பக்கத்து வீட்டுப் பெண் தன்னிடம் இருந்த மாத்திரையில் பாதியைக் கொடுத்தார். அன்று ஆறு மணி நேரம் தூங்கினார். மறுநாளே ஒரு மருத்துவரிடம் போய் அதே மாத்திரையைக் கேட்டு எழுதி வாங்கினார்.

அந்த மருத்துவர் செய்ததில் தவறு காண எனக்கு ஒன்றுமில்லை. பெரும் அதிர்ச்சியில் இருக்கும் ஒருவருக்குச் சில நாட்கள் தூக்கம் தருவது இரக்கமான மருத்துவம்தான். அல்பிரசோலம் வகை மருந்துகளைத் தூக்கத்துக்குத் தருவதானால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. பத்து நாள் என்பது அதற்கு உட்பட்டதே. சிக்கல் பதினோராவது நாளில் தொடங்கியது. கணவர் இன்னும் வரவில்லை, சீட்டு கையில் இருக்கிறது, கடையில் கொடுக்கிறார்கள். 2014 மார்ச் முதல் இந்த மாத்திரைகள், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 பட்டியலில் இருக்கின்றன. எழுதிய மருத்துவர் பெயர், வாங்கியவர் பெயர், எண்ணிக்கை எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையிலும் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கிறது. ஆனாலும் தெரிந்த முகம், தெரிந்த சீட்டு என்று போய்க்கொண்டே இருந்தது.

கணவர் திரும்பி வந்தார். கடலே வேண்டாம் என்று ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். தூக்கம் கெட்டதற்கான காரணம் தீர்ந்துவிட்டது, மாத்திரை மட்டும் நின்றுவிடவில்லை. ஒன்று இரண்டானது. இரண்டோடு, நடுராத்திரி விழித்தால் இன்னும் ஒன்று என்று ஆனது. என்னிடம் வந்தபோது ஒரு இரவுக்கு 1 முதல் 1.5 மி.கி. வரை போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு போட்டும் அவர் சொன்னது இதுதான்: "படுத்தா அசதியா இருக்கு, தூக்கம் இல்ல. கோழித் தூக்கம். பாங்கு சொல்ற வரைக்கும் புரண்டுக்கிட்டேதான் கெடக்கேன்."

தண்ணீருக்குள் இருக்கும் ஆபத்து

இவருடைய தொழில் தெரியாவிட்டால் இந்த நோயின் கனம் புரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். அப்போதுதான் பாசிக்குப் போவார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் அளவுக்குத்தான் இந்த வேலை. காலையில் வத்தையில் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கி முங்கிப் பாறையில் வளர்ந்த பாசியைப் பிய்த்து எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம்.

அல்பிரசோலம் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாகப் பதினோரு மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதுக்குப் போட்டதில் பாதிக்கும் மேல் காலை ஏழு மணிக்கு இரத்தத்தில் இருக்கும். இரண்டு மணிக்குப் போட்ட மாத்திரையில் முக்கால் பங்கு மிச்சம் இருக்கும். இதோடு ஒருவர் முங்குகிறார். முழங்காலில் நான் தைத்த நான்கு தையலும் பாறையால் வந்தது என்றுதான் அவர் நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை.

பரிசோதனையில் இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி. குறட்டை இல்லை. மனச்சோர்வுக்கான கேள்விகளில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. தூக்கமின்மையின் கடுமையை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் உண்டு, மொத்தம் 28 மதிப்பெண். 22 அல்லது அதற்கு மேல் போனால் கடுமை. இவருக்கு 23.

பேச்சுவாக்கில் கிடைத்த மூன்று விஷயங்கள் முக்கியமானவை. முதலாவது, சாயங்காலமானால் கால் குடையும், படுத்தால் இன்னும் குடையும், எழுந்து நடந்தால்தான் நிற்கும் என்றார். இரும்புச் சத்து பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.6, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 18. இந்தக் கால் குடைச்சலுக்கு ஃபெரிட்டின் 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்க வேண்டும். இரண்டாவது, முங்கி வந்த தலைவலிக்குப் பொழுது சாய்ந்ததும் ஒரு மாத்திரை போடுவார். அதில் வலி மருந்தோடு கஃபீனும் கலந்திருந்தது. காபி குடிப்பதில்லை என்று உண்மையாகச் சொன்னவர் தினமும் ஆறு மணிக்குக் காபிச் சத்தை விழுங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது, சாப்பிட்டதும் வெற்றிலையோடு புகையிலை. புகையிலை விழிக்க வைக்கும் பொருள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. மாறாக, அது இல்லாமல் மனம் அமைதிப்படாது என்றுதான் நினைத்திருந்தார்.

என் தவறு

தண்ணீர் ஆபத்து மனதில் இருந்ததால் அவசரப்பட்டேன். இரண்டு மாத்திரையை ஒன்றாகக் குறையுங்கள், நடுராத்திரி மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, துணைக்குத் தூக்கக் கலக்கம் தரும் ஒரு ஒவ்வாமை மாத்திரையும் எழுதி அனுப்பினேன். ஒரே நாளில் பாதிக்கும் மேல் குறைப்பு.

மூன்றாம் இரவு கை நடுங்கியிருக்கிறது. நெஞ்சு படபடத்து, வேர்த்து ஊற்றியிருக்கிறது. "அலைச் சத்தம் மண்டைக்குள்ள அடிக்கிற மாதிரி இருந்துச்சு டாக்டரம்மா. பொறந்ததுலேர்ந்து கேக்குற சத்தம். அன்னைக்கு மட்டும் தாங்க முடியல." ஐந்தாம் நாள் வேறு கடையில் வாங்கிப் பழைய அளவுக்கே போய்விட்டார். மூன்று வாரம் என்னிடம் வரவில்லை, சொன்னபடி செய்யவில்லை என்று நான் திட்டுவேன் என்ற பயத்தில்.

மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மாத்திரைகள் கூட்டித் தருகின்றன. வருடக்கணக்கில் வெளியிலிருந்து அமைதி கிடைத்தால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று மாத்திரையை எடுத்துவிட்டால் தடுப்பே இல்லாமல் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். சிலருக்கு வலிப்புகூட வரும். அவருக்கு வராமல் போனது அதிர்ஷ்டம். பல மாதம் இந்த மாத்திரை போட்டவர் யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு கேடும் அந்த ஐந்து நாளில் நடந்தது. மாத்திரை இல்லாவிட்டால் தனக்குத் தூக்கமே கிடையாது என்று அவர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தார். அதை நானே நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். மருந்து விலகும்போது வரும் தூக்கமின்மை பழைய நோயைப் போலவே இருக்கும். அனுபவிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

பழைய காரணமும் புதிய காரணமும்

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் நாள்பட்ட தூக்கமின்மையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: ஒருவரின் இயல்பு, தூக்கத்தைக் கெடுத்த சம்பவம், அந்தக் கேட்டை நிலைக்க வைக்கும் பழக்கங்கள். சம்பவம் தீர்ந்த பிறகும் பழக்கங்கள் நோயை ஓட்டிச் செல்லும். அக்காவின் கதை இதற்கு அச்சு அசலாகப் பொருந்தியது. 2013-இல் தூக்கத்தைக் கெடுத்தது கணவரின் சிறை. 2022-இல் கெடுத்துக்கொண்டிருந்தது மாத்திரை, கால் குடைச்சல், புகையிலை, கஃபீன், அப்புறம் எட்டரைக்கே பாயில் விழும் வழக்கம்.

என் அவசரம் தோற்ற பிறகு ராமநாதபுரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போகலாம் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. "ஏர்வாடிக்குக் கொண்டு போயிருவாகளோ?" என்றார். இந்தக் கடற்கரையில் அந்தப் பெயர் ஒரு ஊரின் பெயர் மட்டும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் எரிந்து போனார்கள். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன, சட்டங்கள் மாறின. ஆனால் தூக்கம் வரவில்லை என்று வெளியே சொல்லவே ஒரு தலைமுறை பயந்து கிடக்கிறது. பாலம் தாண்டி பஸ் ஏறி என்னிடம் அவர் வந்ததே ஊருக்குத் தெரியக் கூடாது என்பதால்தான். தயங்குகிறவர்களுக்கு நான் இப்போது முதலில் சொல்வது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை. போனில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அக்கா அந்த எண்ணில் இரண்டு தடவை பேசிய பிறகுதான் மனநல மருத்துவரைப் பார்க்கச் சம்மதித்தார்.

நாள்காட்டி சொன்னது

மனநல மருத்துவரும் நானும் கலந்து, மாத்திரையைத் தொடுவதற்கு முன் தூக்கத்தைச் சரி செய்வோம் என்று முடிவெடுத்தோம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இலேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. அதற்குத் தூக்கக் குறிப்பேடு வேண்டும். அக்காவுக்கு எழுத வராது. வீட்டில் தொங்கிய நாள்காட்டியில் மருமகள் குறித்து வைத்தார்: படுத்த நேரம், எழுந்த நேரம், நடுராத்திரி மாத்திரை போட்டால் ஒரு சிவப்புப் புள்ளி.

இரண்டு மாதத் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பியபோது எனக்குப் புல்லரித்தது. சிவப்புப் புள்ளிகள் எல்லாம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பக்கத்தில் கும்பலாக இருந்தன. பாசிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின இரவுகள். நாளைக்குத் தூங்காமல் போனால் முங்க முடியாது, முங்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. அந்தப் பயத்தில் இரண்டு மணிக்கு ஒரு மாத்திரை. அதாவது தண்ணீரில் இறங்கும் நாட்களில்தான் உடம்பில் மருந்து அதிகம். வேலை இல்லாத நாட்களில் காலை எட்டு வரை படுக்கை, மத்தியானமும் இரண்டு மணி நேரம் கண்ணயர்வு. உடம்பின் கடிகாரம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

மருத்துவப் பாடத்தில் இல்லாத இந்த விஷயத்தை மருமகள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று நான் சொல்வேன்.

பாய்

தூக்கம் வராவிட்டால் கட்டிலில் கிடக்காதே, எழுந்து வேறு அறைக்குப் போ, தூக்கம் வந்தால் திரும்பி வா. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்த முறை இது. படுக்கையைப் பார்த்தாலே விழிப்பு வரும் பழக்கத்தை உடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் அக்காவின் வீட்டில் கட்டில் இல்லை. வேறு அறையும் இல்லை. ஒரே அறையில் ஐந்து பேர். இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவரே கேட்டார்: "அப்ப பாயச் சுருட்டி வச்சிரவா?"

அதுதான் சிகிச்சை ஆனது. தூக்கம் வராமல் கொஞ்ச நேரம் போனால் பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணைக்கு வர வேண்டும். கண் செருகினால் மறுபடி விரிக்கலாம். பகலில் பாய் விரிக்கவே கூடாது.

அப்புறம் நேரம். எட்டரையிலிருந்து ஐந்தரை வரை ஒன்பது மணி நேரம் படுத்து, அதில் ஐந்து மணி நேரம்தான் தூங்கினார். படுக்கையில் இருந்த நேரத்தில் 55 சதவீதம். ஆகவே படுக்கை நேரத்தைச் சுருக்கினோம்: இரவு பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும், பாசி நாளோ வெறும் நாளோ. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கத் தொடங்கினால் கால் மணி நேரம் கூட்டலாம். கேட்கக் கொடுமையாக இருக்கும். விழித்திருக்க விழித்திருக்கத்தான் மூளையில் தூக்கப் பசி ஏறும். முதல் சில வாரம் பகலில் கண்ணைச் சுற்றும் என்பதால் இதைக் கடலில் இறங்கும் காலத்தில் தொடங்க எனக்குத் துணிவில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாசி எடுக்கும் பெண்களும் அதையொட்டி 45 நாள் அளவுக்குத் தாங்களாகவே போவதில்லை. 2023-இல் அந்த இடைவெளியில் ஆரம்பித்தோம்.

எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை என்ன செய்வது என்பதுதான் அவருக்குப் பெரிய கேள்வி. கணவர் திண்ணையில் கூட உட்கார்ந்தார். பத்து வருடமாகச் சொல்லாத சிறைக் கதையை அந்த இரவுகளில்தான் அவர் சொன்னாராம். என்ன சொன்னார் என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரும்புச் சத்து மாத்திரை, கஃபீன் இல்லாத வலி மாத்திரை, மாலை ஐந்துக்கு மேல் புகையிலை இல்லை என்ற மூன்றும் கூடவே ஓடின. புகையிலையை அவர் இன்னும் முழுதாக விடவில்லை.

மாத்திரையைக் குறைத்தது

முதலில் அளவை 1 மி.கி.யில் நிறுத்தினோம், எல்லாம் இரவு ஒரே நேரத்தில். ஒரு மாதம் கழித்து, மே நடுவில், 0.25 மாத்திரைகளாக மாற்றி மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை மாத்திரை வீதம் குறைத்தோம். ஆகஸ்டில் 0.5-க்கு வந்தார். அதற்குக் கீழே ஒவ்வொரு குறைப்பும் மிச்சம் இருக்கும் அளவில் பெரிய பங்காகிவிடும், 0.25 மாத்திரையை அரைக்கு மேல் கையால் உடைக்கவும் முடியாது. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இப்படிப்பட்டவர்களுக்கென்றே மருத்துவமனைப் பிரிவு நடத்திய ஹெதர் ஆஷ்டன் காட்டிய வழி, அதே வகையில் உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறும் டயசிபாம் மருந்துக்கு மாற்றிக் குறைப்பது. 0.5 மி.கி. அல்பிரசோலத்துக்கு ஈடு 10 மி.கி. டயசிபாம் என்பது அவர் கணக்கு. வேறு சில அட்டவணைகள் அதில் பாதியைச் சொல்கின்றன. கடலில் இறங்குகிறவர் என்பதால் மனநல மருத்துவர் 8 மி.கி.யில் தொடங்கினார். மாற்றிய மூன்று வாரமும் அக்கா கரையில் பாசி காய வைக்கும் வேலைதான் செய்தார். கூலி குறைவு. அந்த நஷ்டத்தையும் சிகிச்சையின் செலவாகத்தான் நான் கணக்கில் எழுதுவேன்.

பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை 1 மி.கி. வீதம் குறைத்தோம். 2 மி.கி.யில் இரண்டரை மாதம் நின்றோம், மகளின் பிரசவம் குறுக்கே வந்ததால். அவசரமே இல்லை என்று இந்தத் தடவை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2024 ஜூலையில் கடைசி அரை மாத்திரை.

2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரம், பாம்பன் பக்கம் கொட்டிய மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நான்கு இரவு தூக்கம் இல்லை. ஐந்தாம் நாள் வந்து, "பழசு திரும்பிருச்சோ?" என்று கேட்டார். நாள்காட்டியைப் பார்த்தோம். பாய் நனைந்து கிடந்த நான்கு நாளும் அவர் காலை ஐந்துக்கு எழுந்திருந்தார், பகலில் படுக்கவில்லை. மாத்திரை எழுதவில்லை. அடுத்த வாரமே தூக்கம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

கடைசியாகப் பார்த்தபோது ஏழு கேள்வி அளவுகோலில் 9. பத்தேகாலுக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறார், ஆறு மணி நேரம் தூக்கம். பாசிக்கு முந்தின இரவு இன்னும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. ஃபெரிட்டின் 80-ஐத் தாண்டியதிலிருந்து கால் குடைச்சல் அநேகமாக இல்லை.

அவருடைய இளைய மகன் இப்போது விசைப்படகுக்குப் போகிறான். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள் என்பது முறை. அந்த மூன்று இரவிலும் அக்கா சரியாகத் தூங்குவதில்லை. வாரத்தில் மூன்று இரவு, மூன்று மாதத்துக்கு மேல் என்பதுதான் நாள்பட்ட தூக்கமின்மைக்குப் பாடப்புத்தக அளவு. அப்படியும் நான் அதை அவருடைய குறிப்பில் நோய் என்று எழுதவில்லை. அந்த இரவுகளில் அவர் பாயை விரிப்பதே இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பார், கண் அசந்தால் அசரும். படகு கரை சேர்ந்து மகன் போன் செய்ததும் பாங்குக்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் தூங்குவார். ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார்.